எலுமிச்சம் பழத்தின் விலை

நம் நாட்டில் ஒருவர் புதிதாக மோட்டார் வண்டி வாங்கினால் முதற் காரியமாக அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டு போகிறார். குருக்கள் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டுகிறார். பிறகு நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம் பழத்தை வைத்து வண்டியை நகர்த்தி நசுக்குகிறார்கள். அந்தப் பழம் சகல திருஷ்டி தோஷங்களையும் தான் வாங்கிக் கொண்டு வண்டியைக் காப்பாற்றும் என்பது நம்பிக்கை. அமெரிக்கா தேசத்திலோ விஷயம் தலைகீழாக இருக்கிறது. அங்கே வண்டியையே எலுமிச்சம் பழம் என்கிறார்கள்! வாங்கின நாளிலிருந்து ஓயாமல் பழுதாகி, எத்தனை முறை சீர் செய்தாலும் சீர்ப்படாத வண்டிக்கு அந்நாட்டுப் பேச்சு வழக்கில் 'லெமன்' என்று பெயர். நசுங்குகிறவர் அதை வாங்கியவர்.

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஒரு கடிதம் காரணம். கும்பகோணத்துச் சிநேகிதர் ஒருவரின் குமாரர் கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கிறார். சிறு வயதில் நம் வீட்டுக் கூடத்தில் பம்பரம் விட்டுத் தரையைக் குழியாக்கிய பிள்ளை. அவர் 2023-ம் வருஷத்தில் 36,000 டாலர் கொடுத்து ஒரு புதுக் கார் வாங்கினார். நாலாயிரம் மைல் ஓடியதும் ஒரு நாள் மாலை, நெடுஞ்சாலையின் நட்ட நடுவில், அதன் எஞ்சின் முன்னறிவிப்பின்றி நின்று விட்டது. இரு புறமும் லாரிகள் பறந்து கொண்டிருக்கின்றன. வண்டிக்குள் அவருடைய மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். தெய்வாதீனமாக ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெண் அந்த வண்டியில் ஏற மறுத்து விட்டாள்.

கம்பெனியின் பட்டறைக்கு வண்டி ஐந்து முறை போயிற்று. மொத்தம் 41 நாள் அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் கொடுத்த சீட்டில், "ஓட்டிப் பார்த்தோம், குறை ஏதும் புலப்படவில்லை" என்றே எழுதியிருந்தது. வைத்தியர் வந்தவுடன் ஓடி ஒளிகிற ஜுரத்தைப் போல அந்தக் குறையும் மெக்கானிக்கைக் கண்டால் மறைந்து விடும் போலும். கடைசியில் அவர் ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குத் தொடர்ந்தார். பதினான்கு மாதம் ஆயிற்று. இப்போது கம்பெனியார், வண்டியைத் திரும்பப் பெற்றுக் கொண்டு 47,000 டாலர் தருவதாகவும், வக்கீல் பீஸைக் கோர்ட்டு நிர்ணயிக்கிறபடி தனியே தருவதாகவும் எழுத்து மூலம் ராஜிக்கு அழைத்திருக்கிறார்கள். பதில் சொல்ல முப்பது நாள் கெடு. ஜூரியிடம் போனால் மும்மடங்கு கூடக் கிடைக்கலாம் என்கிறார் வக்கீல். "மாமா, வாங்கிக் கொள்ளலாமா, வழக்காடலாமா? இதுவரை வக்கீலுக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. எனவே வழக்காடுவதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று முடிகிறது கடிதம்.

நஷ்டமில்லாத வழக்கு! தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு முழம் வரப்புக்காக மூன்று தலைமுறை வழக்காடி, வரப்போடு இரு பக்கத்து நஞ்சையையும் வக்கீல் குமாஸ்தாவுக்குக் கிரயம் செய்து கொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே இந்த வாக்கியத்தைப் படித்ததும் நமக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படி ஒரு வழக்கு உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று அறிந்து கொள்ளும் பொருட்டு அந்த நாட்டுச் சட்டத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தோம்.

இங்கிலாந்தில் வழக்கில் தோற்றவர் ஜெயித்தவரின் செலவையும் பெரும்பாலும் ஏற்க வேண்டும். அமெரிக்காவில் அப்படியில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவரே கொடுத்துக் கொள்ள வேண்டும் என்பது அங்கே பொது விதி. பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் முப்பதாயிரம் டாலர் வண்டிக்காக ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர், உலகமெங்கும் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனியோடு வழக்காடினால் என்ன ஆகும்? வழக்கு முடிவதற்குள் வக்கீல் பீஸு வண்டியின் விலையைத் தாண்டி விடும். ஜெயித்தும் நஷ்டம். இதைக் கம்பெனியார் நன்கு அறிவார்கள். ஆகையால் உத்தரவாதப் பத்திரத்தில் எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

இந்த நிலைமையை மாற்றியது ஒரே ஒரு சிறு வாசகம். கலிபோர்னியா மாகாணத்தில் 1970-ம் வருஷத்தில், ரொனால்டு ரீகன் கவர்னராக இருந்தபோது, உத்தரவாதங்களைப் பற்றி ஸாங், பெவர்லி என்ற இரு சட்டசபை அங்கத்தினர்களின் பெயரால் ஒரு சட்டம் நிறைவேறியது. வாங்கியவர் ஜெயித்தால் அவருடைய நியாயமான வக்கீல் பீஸையும் கோர்ட்டுச் செலவையும் பிரதிவாதியே கொடுக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. கம்பெனி ஜெயித்தாலோ, அதன் வக்கீல் பீஸை வாங்கியவரிடம் கேட்க இந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒரு வழிப் பாதை! 1975-ல் தேசம் முழுவதற்கும் பொருந்தும் உத்தரவாதச் சட்டம் ஒன்று வந்தது. அதிலும் வாங்கியவருக்கு வக்கீல் பீஸு பெறும் வழி வைக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்ட ஜனாதிபதியின் பெயர் ஃபோர்டு. மோட்டார் ஃபோர்டுக்கும் அவருக்கும் உறவு இல்லை. விதியின் விளையாட்டு, அவ்வளவுதான். 1982-ல் கனெக்டிகட் மாகாணம் மோட்டார் வண்டிக்கென்றே தனிச் சட்டம் செய்து வழி காட்டியது. அதே வருஷம் கலிபோர்னியாவும் தன் சட்டத்தில் மோட்டாருக்குத் தனி விதிகளைச் சேர்த்தது. பிறகு ஐம்பது மாகாணங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. ஜனங்கள் இவற்றுக்கெல்லாம் 'லெமன் சட்டம்' என்று பெயர் வைத்து விட்டார்கள்.

(1970-ம் வருஷத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார சாஸ்திரி, பழைய வண்டிச் சந்தையில் நல்ல வண்டி எது, எலுமிச்சம் பழம் எது என்பது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற சங்கதியை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகாசிரியர்கள் இச்செய்தியைக் கேட்டு ஒரு நிமிஷம் தலை குனிவது நலம். நாமும் குனிந்தாயிற்று.)

நிற்க. கலிபோர்னியா சட்டப்படி, வண்டி வாங்கிய 18 மாதத்துக்குள் அல்லது 18,000 மைலுக்குள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள், ஒரே குறைக்காக நான்கு முறை பட்டறைக்குப் போயிருந்தாலும், உயிருக்கு ஆபத்தான குறையானால் இரண்டு முறை போயிருந்தாலும், பல குறைகளுக்காக மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்தாலும், கம்பெனிக்குப் போதிய சந்தர்ப்பம் கொடுத்தாயிற்று என்று கோர்ட்டு அனுமானிக்கும். நம் பிள்ளையின் 41 நாள் இதற்குத் தாராளமாகப் போதும். கம்பெனியார் வேறு வண்டி தரவேண்டும், அல்லது கொடுத்த பணத்தை வரிகளுடன் திருப்ப வேண்டும். அதில் ஒரு கழிவு உண்டு. முதல் முறை பட்டறைக்குக் கொண்டு போவதற்கு முன் எத்தனை மைல் ஓடியதோ அதை விலையால் பெருக்கி 1,20,000-ஆல் வகுக்க வேண்டும். இவருடைய கணக்கில் 36,000 டாலர், 4,000 மைல். கழிவு 1,200 டாலர். முதல் முறையே பட்டறைக்குப் போகாமல், "போகட்டும், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று நம்மவர்களைப் போல் பொறுமை காட்டியிருந்தால் ஒவ்வோர் ஆயிரம் மைலுக்கும் 300 டாலர் போயிருக்கும். பொறுமைக்குக் கூட அங்கே விலைப்பட்டி இருக்கிறது.

இதற்கு மேல் கம்பெனி வேண்டுமென்றே கடமையைத் தட்டிக் கழித்தது என்று ருசுவானால், நஷ்டத்தைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமும் விதிக்கலாம். வக்கீல் சொல்லும் மும்மடங்கு இதுதான். ஆனால் 'வேண்டுமென்றே' என்ற சொல்லை ருசுப்படுத்துவது சாமான்யமல்ல. "குறை இல்லை என்று நாங்கள் மனப்பூர்வமாக நம்பினோம், நம்புவதற்கு நியாயமும் இருந்தது" என்று கம்பெனியார் சொல்லி, ஜூரி அதை ஏற்றுக் கொண்டால் அபராதம் பறந்து விடும். ஐந்து சீட்டிலும் "குறை புலப்படவில்லை" என்று எழுதி வைத்தது வீணுக்கல்ல.

சரி, செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலாவது, தோற்றவர் கம்பெனியின் வக்கீல் பீஸைக் கொடுக்க வேண்டியதில்லை என்றோமல்லவா? பீஸுதான் இல்லை, மற்றக் கோர்ட்டுச் செலவு உண்டு. தோற்றுப் போன வாதி பிரதிவாதியின் சாதாரணத் தாவாச் செலவைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு 1998-ல் தீர்ப்பளித்திருக்கிறது. எஞ்சின் சாஸ்திரம் தெரிந்த நிபுணர்கள் சாட்சி சொல்ல மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள். மூன்று நாள் சாட்சிக் கூண்டில் நின்றால் ஒரு சிறு வண்டியே வாங்கி விடலாம் போலிருக்கிறது.

இரண்டாவது, அந்த முப்பது நாள் கெடு. இது வெறும் மரியாதைக் கடிதம் அல்ல. கலிபோர்னியாவின் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 998-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிரதிவாதி எழுத்து மூலம் ஒரு தொகை தருவதாகச் சொல்லி, வாதி மறுத்து, முடிவில் அதைவிட அதிகமாகப் பெறத் தவறினால், அந்தக் கடிதத்துக்குப் பிற்பட்ட தம் செலவை வாதி இழக்கிறார். வக்கீல் பீஸும் அதில் அடக்கம். அதோடு பிரதிவாதியின் பிற்பட்ட செலவும் வாதிக்குக் கிடைக்கும் தொகையிலிருந்து கழிக்கப்படும். நிபுணர் கூலியையும் கோர்ட்டு அதில் சேர்க்கலாம்.

2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு தீர்த்த வழக்கைக் கேளுங்கள். ஒரு தம்பதி தங்கள் கார் பழுது என்று வழக்குத் தொடர்ந்தார்கள். கம்பெனி முதலில் சுமார் 37,000 டாலருக்கும், பிறகு சுமார் 55,500 டாலருக்கும் ராஜிக்கு அழைத்தது. தம்பதி இசையவில்லை. வருஷங்கள் ஓடின. விசாரணை ஆரம்பித்த முதல் நாளன்று 39,000 டாலருக்கு ராஜி செய்து கொண்டார்கள்! "எங்கள் வழக்கில் தீர்ப்பே இல்லை, ராஜியில் முடிந்தது, 998-ம் பிரிவு எங்களைத் தீண்டாது" என்றார்கள். தீண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. ராஜியில் முடிந்தாலும், வேறுவிதமாக எழுதிக் கொள்ளாத வரையில், மறுத்த தொகையை விடக் குறைவாகப் பெற்றவர் அதன் பலனை அனுபவிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. வக்கீலுக்கு வராமல் போகும் பீஸு யார் தலையில் விழும் என்பது வக்கீலோடு எழுதிக் கொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதைச் சாவகாசமாகப் படித்துக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேரோ!

அந்தத் தம்பதிக்காக நம் மனம் இரங்குகிறது. ஆயினும் கோர்ட்டின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. கலிபோர்னியாவில் இவ்வகை வழக்குகள் 2022-ல் சுமார் 15,000 தாக்கலாயின. 2023-ல் 22,000-க்கு மேல் போயிற்று. பீஸு தானாக வரும் என்றால் வழக்கை இழுத்தடிக்கும் ஆசை எந்த வக்கீலுக்கும் உண்டாகலாம். ஆனால் கம்பெனி இழுத்தடித்ததால்தானே வழக்கே வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. நான்காம் முறை பட்டறைக்கு வந்தபோதே பணத்தைத் திருப்பியிருந்தால் வக்கீலுக்கு அங்கே என்ன வேலை?

இந்தக் கூட்டத்தைக் குறைப்பதற்கென்று 2024-ல் அங்கே புதுச் சட்டம் செய்தார்கள். அபராதம் கேட்க விரும்புகிறவர் முன்னதாகவே கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; உத்தரவாதம் முடிந்த ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்; இப்படிச் சில நிபந்தனைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், 2025-ல் செய்த திருத்தத்தின்படி, இந்த விதிகள் தங்களுக்கு வேண்டும் என்று சம்மதம் தெரிவிக்கும் கம்பெனிகளுக்கு மட்டுமே அவை பொருந்தும். சில சம்மதித்தன, சில மறுத்தன. நாம் எந்தச் சட்டத்துக்கு உட்படுவது என்பதைப் பிரதிவாதியே தேர்ந்தெடுக்கும் இத்தகைய பாக்கியம் நம் ஊர்க் கோழித் திருடனுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஒரே மாதத்தில் வண்டி வாங்கி, ஒரே மாதிரி பழுதைக் கண்டு, வெவ்வேறு சட்டத்தில் வழக்காடலாம். நம் பிள்ளையின் கம்பெனி சம்மதிக்காத கூட்டத்தைச் சேர்ந்ததாம். ஆகையால் அவருக்குப் பழைய சட்டந்தான்.

கோர்ட்டுக்குப் போகாமலே பஞ்சாயத்தில் தீர்த்துக் கொள்ளும் வழியும் உண்டு. நியூயார்க் மாகாணத்தில் 250 டாலர் கட்டி மனுச் செய்தால் மத்தியஸ்தர் விசாரிப்பார்; ஜெயித்தால் அந்தப் பணமும் திரும்ப வரும். கலிபோர்னியாவில் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பஞ்சாயத்துக்கு வாங்கியவரிடம் கட்டணமே கிடையாது. தீர்ப்பை அவர் ஏற்றுக் கொண்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அதில் சேரவில்லை; அபராதம் விதிக்க அந்தப் பஞ்சாயத்துக்கு அதிகாரமும் இல்லை.

மூன்றாவது செலவு ஒன்று இருக்கிறது. எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் அது ஏறாது. இந்தப் பதினான்கு மாதமும் பாங்கிக் கடனுக்குத் தவணை கட்டியாக வேண்டும். தவறினால் வண்டியும் போய், நாணயமும் போகும். இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். பட்டறைக்கு ஓட வேண்டும். கம்பெனி வக்கீலின் குறுக்குக் கேள்விகளுக்கு விடை சொல்ல உத்தியோகத்துக்கு லீவு போட வேண்டும். ஏற மனமில்லாத வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும். இரவல் வண்டியில் குழந்தையை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். இழுவை வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் கொடுத்த பணத்தைச் சட்டம் திருப்பிக் கொடுக்கிறது. அந்த மாலை நேரத்தில் லாரிகளுக்கு நடுவே குழந்தையை மார்போடு அணைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்த தாயின் நடுக்கத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை. மனவேதனைக்கு இச்சட்டத்தின்படி ஈடு கேட்க இயலாது என்று அந்த மாகாணத்து அப்பீல் கோர்ட்டு 1994-லேயே சொல்லி விட்டது.

ஆகவே நாம் பின்வருமாறு பதில் எழுதினோம்:

"சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம். உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய கணக்கும் பார்த்தோம். வண்டி விலை, வரி, பாங்கி வட்டி, இழுவைக் கூலி எல்லாம் சேர்ந்து, கழிவு போக, நீ கொடுத்தது சுமார் 42,000 டாலர். கம்பெனி தருவது 47,000. அதற்கு மேல் உனக்கு வரக் கூடியது அபராதம் ஒன்றே. அது ஜூரியின் மனத்தில் இருக்கிறது. நீ மறுத்தால் இன்று முதல் நடக்கும் வழக்கு செலவில்லாத வழக்கு அல்ல. 998-ம் பிரிவு அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. மறுப்பதானால், வக்கீலுடன் எழுதிக் கொண்ட ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக் கொண்டு, 47,000-க்குக் குறைவாகத் தீர்ந்தால் யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அவரையே எழுத்தில் கேள். வாயால் சொன்னால் போதாது. கம்பெனியைத் தண்டிக்க வேண்டும் என்ற உன் கோபம் நியாயமானது. உன்னைப் போன்ற எல்லோரும் முதல் தொகையை வாங்கிக் கொண்டு போனால் அபராத விதி ஏட்டுச் சுரைக்காயாகி விடும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்காக இன்னும் ஒரு வருஷம் நீயும் உன் மனைவியும் அந்த வண்டியைத் தினந்தோறும் பார்த்துக் கொண்டு இருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவளைக் கேட்டாயா? உன் கடிதத்தில் வக்கீல் அபிப்பிராயமும் சிநேகிதர்கள் அபிப்பிராயமும் இருக்கின்றன. அவள் அபிப்பிராயம் இல்லையே!"

பதில் இன்னும் வரவில்லை. கெடு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பணத்தை வாங்கிக் கொண்டால் கம்பெனியார் அந்த வண்டியைச் சீர் செய்து மறுபடியும் விற்பார்கள். அப்போது அதன் உரிமைப் பத்திரத்தில் 'லெமன் சட்டப்படி திரும்ப வாங்கியது' என்று பொறிக்க வேண்டும். இடப்புறக் கதவின் சட்டத்தில் அதே மாதிரி ஒரு சீட்டும் ஒட்ட வேண்டும் என்பது கலிபோர்னியா விதி. அடுத்தபடி வாங்குகிறவர் கதவைத் திறந்து உள்ளே ஏறும்போது அந்தச் சீட்டு அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கும்.